ஊசியா, எண்ணா, போனா: ஏ.சி. சர்வீஸுக்கு எந்த கேஜ் வாங்கலாம்?

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடி வேலையை முடித்துவிட்டு இறங்கும்போது, மூன்று வருஷமாக என்னோடு ஹெல்பராக வருகிற தம்பி கேட்டான்: "அண்ணா, ஆடி முடிஞ்சதும் தனியா வேலை எடுக்கலாம்னு இருக்கேன். டிஜிட்டல் கேஜ் வாங்கிடலாமா, இல்ல ஊசி கேஜே போதுமா?" படியில் நின்றபடி ஒரே வார்த்தையில் சொல்லிவிட மனசு வரவில்லை. அவன் கையில் இருப்பது சீசனில் சேர்த்த காசு. தப்பான சாமானில் அதைப் போட்டுவிட்டால் அடுத்த சித்திரை வரைக்கும் திண்டாட வேண்டும். அன்று ராத்திரி உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கேஜ் என்றால் ஏ.சி.க்குள் இருக்கிற கேஸின் பிரஷரை அளக்கிற கருவி, இன்றைக்கு கடையில் கிடைப்பது மூன்று வகை. ஒன்று, நம் எல்லோரிடமும் இருக்கிற நீலம் சிவப்பு ஊசி கேஜ் செட், மூன்று ஹோஸோடு. இரண்டாவது, அதே மாதிரி மேனிஃபோல்டுதான் (ஹோஸ்கள் வந்து சேருகிற வால்வுக் கட்டை), ஆனால் ஊசிக்குப் பதில் திரை இருக்கும், குழாயில் மாட்ட இரண்டு டெம்பரேச்சர் கிளாம்ப் வரும். மூன்றாவது ப்ளூடூத் ப்ரோப்: மேனிஃபோல்டு கிடையாது, சர்வீஸ் போர்ட்டில் நேரடியாகத் திருகிவிட்டால் ரீடிங் போனில் வரும். டெஸ்டோ, ஃபீல்ட்பீஸ், எலிடெக், வேல்யூ என்று பேர் பல இருக்கிறது. ஊசி செட் சில ஆயிரத்தில் முடிந்துவிடும், பேர் பெற்ற டிஜிட்டல் செட் என்றால் இருபதாயிரத்தைத் தாண்டும், ப்ரோப் ஒன்றிரண்டாக வாங்கினால் நடுவில் நிற்கும்.

முதலில் ஒரு சம்பவம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற லாட்ஜ்களில் எனக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு, வெளி மாநிலத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள், ரூமில் நோயாளி படுத்திருப்பார், ஏ.சி. நின்றால் அந்தக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை. அப்படி ஒரு லாட்ஜில் அடுத்தடுத்த இரண்டு ரூமிலும் கூலிங் இல்லை என்று கூப்பிட்டார்கள். இரண்டுமே பழைய ஆர்-22 கேஸ் ஒன்றரை டன் மெஷின், இன்வெர்ட்டர் இல்லாதது. முதல் மெஷினில் கேஜ் மாட்டினேன், பிரஷர் 58 பி.எஸ்.ஐ. அடுத்ததில் மாட்டினேன், அதுவும் 58. ஏற்கெனவே யாரோ வந்து பார்த்து, இரண்டுக்கும் கேஸ் கம்மி, டாப் அப் பண்ணணும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊசியை மட்டும் பார்த்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பையில் ஒரு கிளாம்ப் தெர்மாமீட்டர் இருந்தது. கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்புகிற சக்ஷன் பைப்பில், சர்வீஸ் வால்வுக்கு நாலு விரல் தள்ளி மாட்டினேன். முதல் மெஷினில் பைப் 2 டிகிரி, வால்வு மேலேயே வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் பைப் 15 டிகிரி, கையால் தொட்டால் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஆர்-22 கேஸ் 58 பி.எஸ்.ஐ.-யில் கொதிப்பது ஏறக்குறைய 0 டிகிரியில். அப்படியென்றால் சூப்பர்ஹீட், அதாவது கொதிநிலையைவிட பைப் எத்தனை டிகிரி கூட இருக்கிறது என்ற கணக்கு, முதல் மெஷினில் 2, இரண்டாவதில் 15. ஒரே பிரஷர், வியாதி வேறு வேறு. முதல் மெஷினில் கேஸ் சரியாகத்தான் இருந்தது, இண்டோர் ஃபில்டரும் காயிலும் பஞ்சு மாதிரி தூசி அடைத்துக் காற்றே போகவில்லை. கழுவி மாட்டியதும் 66-க்கு வந்து நின்றது. இரண்டாவதில்தான் நிஜமாகவே கேஸ் கம்மி, இண்டோர் பக்கத்து பிளேர் நட்டில் சோப்பு நுரை வைத்ததும் குமிழி வந்தது. முதல் மெஷினில் மட்டும் டாப் அப் பண்ணியிருந்தால் ஊசி மேலே ஏறியிருக்கும், எல்லோருக்கும் திருப்தி, ஆனால் கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பிப்போய், சீசன் முடிவதற்குள் கம்ப்ரஸர் போயிருக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், டிஜிட்டல் கேஜின் பெரிய லாபம் திரையில் தெரிகிற எண்ணில் இல்லை. பிரஷருக்குப் பக்கத்திலேயே பைப் சூட்டையும் கொண்டுவந்து வைக்கிறதே, அதில்தான் இருக்கிறது. கொதிநிலை எத்தனை, பைப் எத்தனை, சூப்பர்ஹீட் எத்தனை, மூன்றும் ஒரே பார்வையில். ஊசி கேஜ் வைத்திருக்கிறவனும் இதைச் செய்யலாம், ஒரு கிளாம்ப் தெர்மாமீட்டரும் போனில் ஒரு பிரஷர் டெம்பரேச்சர் சார்ட்டும் இருந்தால் போதும். செய்யமாட்டோம், அதுதான் விஷயம். மே மாதம் 42 டிகிரி வெயிலில் ஒரு நாளைக்கு ஆறு வீடு ஏறி இறங்கும்போது சார்ட்டைத் திறந்து பார்க்க யாருக்கும் கை வராது. எண் தானாக வந்து நின்றால் பார்ப்போம். பழைய ஊசி கேஜில் இன்னொரு சிக்கல், உள்வட்டத்தில் ஆர்-22, ஆர்-134ஏ என்று டிகிரி போட்டிருப்பார்கள், ஆனால் இன்று வருகிற வீட்டு ஏ.சி.யில் பெரும்பாலானது ஆர்-32, அதற்கு அந்தப் பழைய டயலில் கோடே இல்லை. 5 டிகிரிக்கு ஆர்-22 என்றால் 70 பி.எஸ்.ஐ., ஆர்-32 என்றால் 123. கண்டென்சர் பக்கம் 50 டிகிரியில் ஆர்-22 267-லேயே நிற்கும், ஆர்-32 440-ஐத் தொடும். ஆர்-22-க்கு வாங்கின பழைய ஹோஸை அந்தப் பக்கம் மாட்டவே மாட்டாதீர்கள்.

சரி, அப்போது திரை வைத்த இரண்டு பக்க டிஜிட்டல் மேனிஃபோல்டை வாங்கிவிடலாமா? இங்கேதான் விற்கிறவர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நம்ம ஊர் வீட்டு ஸ்பிளிட் ஏ.சி. எதையாவது திறந்து பாருங்கள். கேப்பிலரியோ எலக்ட்ரானிக் வால்வோ, கேஸ் விரிகிற இடம் அவுட்டோருக்குள்ளேயே இருக்கும். அதனால் உள்ளே போகிற சின்ன பைப்பும் குளிர்ந்துதான் போகிறது, பெரிய பைப்பும் குளிர்ந்துதான் வருகிறது, சர்வீஸ் போர்ட் பெரும்பாலும் பெரிய வால்வில் ஒன்றே ஒன்று. ஹை சைடு, அதாவது பிரஷர் அதிகமான பக்கம் என்று சொல்லி சிவப்பு ஹோஸை மாட்ட அங்கே இடமே கிடையாது. சப்கூலிங் (திரவமான பிறகு கேஸ் இன்னும் எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்ற கணக்கு) பார்க்கிறேன் என்று சின்ன பைப்பில் கிளாம்ப் மாட்டினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமும் கிடையாது, ஏனென்றால் அந்த இடத்தில் கேஸ் ஏற்கெனவே விரிந்துவிட்டது. ஆக, வீட்டு ஸ்பிளிட் மட்டும் பார்க்கிறவர் இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் டிஜிட்டல் செட்டில் பாதி, வருஷம் பூராவும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அதே வேலையை ஒரு பிரஷர் ப்ரோப்பும் ஒரு டெம்பரேச்சர் கிளாம்ப்பும் செய்துவிடும்.

இதே ஆள் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் பால் சொசைட்டிகளின் பல்க் கூலர் பார்க்கிறார், மீன் கடை கோல்ட் ரூம் பார்க்கிறார், கல்யாண மண்டபத்து டக்டபிள் (டக்ட் வழியாகக் காற்று விடுகிற பெரிய ஏ.சி.) பார்க்கிறார் என்றால் கதை வேறு. அங்கே ரிசீவர் டேங்க் இருக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வு இருக்கும், இரண்டு பக்கமும் போர்ட் இருக்கும். சூப்பர்ஹீட்டும் சப்கூலிங்கும் சேர்ந்து தெரிந்தால்தான் வால்வு அடைத்திருக்கிறதா, கேஸ் கம்மியா, கண்டென்சர் அழுக்கா என்று பிரிக்க முடியும். அந்த வேலைக்கு டிஜிட்டல் மேனிஃபோல்டு போட்ட காசைத் திருப்பித் தந்துவிடும், எனக்குத் தந்தது.

துல்லியம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். டிஜிட்டல் என்றாலே அச்சு அசலாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, திரையில் 122.6 என்று புள்ளி போட்டுக் காட்டுவதால் வருகிற நம்பிக்கை அது. பெட்டிக்குள் இருக்கிற தாளைப் படியுங்கள். நல்ல கருவியிலேயே 60 பார் வரை அளக்கும் சென்சாருக்கு, முழு அளவில் 0.5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று போட்டிருக்கும். 60 பாரில் 0.5 சதவீதம் 0.3 பார், அதாவது நாலு பி.எஸ்.ஐ.-க்கு மேல். ஆர்-32-க்கு அது ஒரு டிகிரி வித்தியாசம், ஆர்-22-க்கு ஒன்றரை. ஏ.சி.க்கு இது பரவாயில்லை, 500 பி.எஸ்.ஐ. ஊசி கேஜ் நல்ல தரமாக இருந்தாலே எட்டு பி.எஸ்.ஐ. முன்பின் காட்டலாம், அதைவிட இது மேல்.

ஆனால் ஃப்ரிட்ஜுக்குப் போனால் கணக்கு தலைகீழாகிவிடும். இப்போது வருகிற வீட்டு ஃப்ரிட்ஜ்களில் நிறைய ஆர்-600ஏ. 50, 60 கிராம் கேஸ்தான் மொத்தமே. ஓடும்போது லோ சைடு காற்றழுத்தத்துக்கும் கீழே, வேக்கத்தில் நிற்கும். ஃப்ரீசர் காயில் மைனஸ் 20 டிகிரியில் அதன் பிரஷர் முக்கால் பார்கூட இல்லை. அந்த முக்கால் பாரில் 0.3 பார் முன்பின் என்றால் அந்த எண்ணை வைத்து என்ன முடிவு எடுப்பது? நிஜத்தில் கருவி அவ்வளவு மோசமாகக் காட்டாது, இருந்தாலும் கம்பெனி உத்தரவாதம் கொடுப்பது அவ்வளவுதான். அதோடு மூன்று ஹோஸையும் மாட்டிக் கழற்றினால் ஹோஸில் நிற்கிற கேஸே ஒன்றிரண்டு கிராம் போய்விடும், ஐம்பது கிராம் மெஷினில் அது சின்னக் கணக்கில்லை. லீக் என்றால் வெளிக்காற்றை வேறு உள்ளே இழுத்து வைத்திருக்கும். ஆகவே ஆர்-600ஏ வேலைக்கு எந்த கேஜையும் விட முக்கியம், ஒரு கிராம் காட்டுகிற தராசு. முழுசாக எடுத்துவிட்டு, பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வேக்கம் போட்டு, பெயர்ப்பலகையில் இருக்கிற கிராமை எடை போட்டு விடுவதுதான் வழி. எரிகிற கேஸ் என்பதால் பக்கத்தில் நெருப்பு, ஸ்விட்ச் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு.

இன்வெர்ட்டர் ஏ.சி.க்கும் இதே பேச்சுதான். கம்ப்ரஸர் வேகம் ரூமைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும், பிரஷரும் கூடவே மாறும். ஒரு நிமிஷம் 125, அடுத்த நிமிஷம் 145. ஊசியாக இருந்தாலும் எண்ணாக இருந்தாலும், ஓடுகிற இன்வெர்ட்டரில் பிரஷர் பார்த்து கேஸ் நிரப்புவது குத்துமதிப்புதான். டெஸ்ட் மோடில் போட்டு முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு யோசனை கிடைக்கும், முடிவு என்னவோ தராசில்தான். அதனால்தான் தம்பியிடம் கேஜுக்கு முன்னால் தராசு வாங்கு என்றேன். முகம் வாடிவிட்டது அவனுக்கு, வாங்குகிற முதல் சாமான் நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பான், புரிகிறது.

வேக்கத்துக்கு வருவோம். என் மனசுக்கு மிக நெருக்கமான விஷயம் இது, ஊசி கேஜ் நம்மை அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். ஊசி மைனஸ் 30 இஞ்சில் போய் ஒட்டிக்கொண்டதும் வேக்கம் வந்துவிட்டது என்று பம்பை நிறுத்துகிறோம். வேக்கத்தை நுணுக்கமாகச் சொல்கிற அளவு மைக்ரான், அந்த டயலில் ஒரு இஞ்ச் என்பது 25,400 மைக்ரான். நமக்கு வேண்டியது 500 மைக்ரான், அதாவது அந்த ஒரு இஞ்ச் இடைவெளியில் ஐம்பதில் ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. 30 டிகிரி சூட்டில் பைப்பில் தேங்கின தண்ணீர் கொதிக்க ஆரம்பிப்பதே சுமார் 32,000 மைக்ரானில், அதற்கு அப்புறம் அது ஆவியாகி வெளியேற நேரம் வேண்டும். ஊசி அதற்கெல்லாம் முன்பே கீழே போய்ப் படுத்துவிடும். ஆர்-32, ஆர்-410ஏ மெஷின்களில் வருகிற எண்ணெய் ஈரத்தை வேகமாகக் குடிக்கும். ஐப்பசி மழையில் பிரித்து மாட்டுகிற மெஷின்கள் அடுத்த சித்திரையில் கம்ப்ரஸர் ஜாம் ஆகி வருவதைப் பார்க்கிறபோது இந்த விட்டுப்போன ஈரம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

டிஜிட்டல் வாங்கப்போகிறவர் ஆகவே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: இது மைக்ரான் காட்டுமா, இல்லை வெறும் மைனஸ் 1 பார் என்று மட்டும் காட்டுமா? விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இரண்டாவதுதான். அப்படியென்றால் வேக்கம் விஷயத்தில் அதற்கும் ஊசிக்கும் வித்தியாசமே இல்லை. தனியாக ஒரு மைக்ரான் கேஜ் வாங்கி, பம்ப் பக்கம் மாட்டாமல் மெஷின் பக்கம் மாட்டுங்கள். 500-க்குக் கீழே வந்ததும் வால்வை மூடிவிட்டு பத்து நிமிஷம் பாருங்கள். ஏறிப்போய் ஒரு இடத்தில் நின்றால் ஈரம் பாக்கி இருக்கிறது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

லீக் என்றதும் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பேக்டரி ஆபீஸ்களில் பார்க்கிற வேலை ஞாபகம் வருகிறது. அந்தக் காற்றில் இருக்கிற கந்தக வாயு செம்பைக் கறுக்கடிக்கும், காயிலில் ஊசி முனை அளவு ஓட்டை விழும், கண்டுபிடிக்க ராத்திரி முழுக்க நைட்ரஜன் போட்டு வைக்க வேண்டியிருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு 42 டிகிரியில் 300 பி.எஸ்.ஐ. போட்டு மூடிவிட்டு, காலையில் 28 டிகிரியில் வந்து பார்த்தால் லீக்கே இல்லாவிட்டாலும் 286 தான் இருக்கும். சூடு குறைந்ததால் பிரஷர் குறைந்தது, அவ்வளவுதான். இது தெரியாமல் இல்லாத லீக்கைத் தேடி நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். நல்ல டிஜிட்டல் செட்களில் சூட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிற லீக் டெஸ்ட் வசதி இருக்கிறது, அது நிஜமாகவே உபயோகமானது.

ஊசியை அப்படியே தூக்கிப்போட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊசிக்கு ஒரு பாஷை உண்டு. கம்ப்ரஸர் வால்வு அடி வாங்கியிருந்தால் ஊசி நடுங்கும், அந்த நடுக்கத்தைப் பழகின கண் ஒரு நொடியில் பிடித்துவிடும். திரையில் அது 64, 67, 63 என்று குதிக்கிற எண்ணாகத்தான் தெரியும், ஏன் குதிக்கிறது என்று யோசிக்க வேண்டும். பேட்டரி வேண்டாம், போன் வேண்டாம், மழையில் நனைந்தால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டலாம். ஏணியிலிருந்து விழுந்தால் கண்ணாடி உடையும், ஊசி கொஞ்சம் விலகும், ஸ்க்ரூ டிரைவரால் ஜீரோவுக்குத் திருப்பிக்கொள்ளலாம். என் டிஜிட்டல் செட் காட்பாடியில் ஒரு பால்கனியிலிருந்து ஒரே ஒரு தடவை விழுந்தது, திரை போயிற்று, சென்னைக்கு அனுப்பித் திரும்பி வர இரண்டு வாரம், அதுவும் வைகாசியில். அந்த இரண்டு வாரமும் ஊசி கேஜ்தான் எனக்குச் சோறு போட்டது.

வெயிலும் ஒரு விஷயம். இந்தக் கருவிகளில் பலவற்றுக்கு 50 டிகிரி வரை என்றுதான் போட்டிருப்பார்கள். கத்திரியில் மதியம் ஒரு மணிக்கு மொட்டை மாடித் தரையில் வைத்தால் அதைத் தாண்டிவிடும், திரை கறுத்துப்போய் எண் தெரியாது. ப்ரோப்புக்கு அந்தத் தொல்லை கம்மி, ஆனால் போன் சூடாகி மங்கிவிடும், அதை நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும். ப்ரோப்பின் பெரிய சௌகரியம், தனியாளாக வேலை செய்கிறவனுக்கு. மாடியில் அவுட்டோரில் மாட்டிவிட்டு, கீழே ரூமில் ஃபில்டரைக் கழற்றும்போதே பிரஷர் ஏறுகிறதா என்று கையில் பார்க்கலாம். நடுவில் இரண்டு கான்கிரீட் தளம் இருந்தால் சிக்னல் விட்டுப்போகும், ஒரு தளம் என்றால் பெரும்பாலும் கிடைக்கிறது.

டிஜிட்டலில் புதுசாக வருகிறவர்கள் செய்கிற தப்பு இரண்டு. ஒன்று, கேஸை மாற்றாமல் அளப்பது. மெஷின் ஆர்-32, கருவி நேற்றைய வேலையில் வைத்த ஆர்-22-லேயே நிற்கிறது. 123 பி.எஸ்.ஐ.-யை ஆர்-22 என்று நினைத்துக்கொண்டு கொதிநிலை 21, 22 டிகிரி என்று காட்டும், பைப் 10 டிகிரி, சூப்பர்ஹீட் மைனஸ் 12 என்று வரும். மைனஸ் என்று பார்த்ததும் நிறுத்திக் கேஸ் பேரைப் பாருங்கள். இரண்டாவது, ஹோஸில் கொஞ்சம் கேஸ் நிற்கும்போதே ஜீரோ பட்டனை அமுக்கிவிடுவது. அன்றைக்கு முழுக்க எல்லா ரீடிங்கும் அத்தனை குறைவாகவே வரும். ஏலகிரி மேலே வேலைக்குப் போனால் மேலே போய் ஒருமுறை ஜீரோ பண்ணிக்கொள்ளுங்கள், அங்கே காற்றழுத்தம் சுமார் 13 பி.எஸ்.ஐ., இங்கே கீழே 14-க்கு மேல்.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது. அவன் வேலையில் பத்தில் எட்டு வீட்டு ஸ்பிளிட், மிச்சம் ஃப்ரிட்ஜ். அதனால் முதலில் தராசு. அடுத்து மைக்ரான் கேஜ். அதற்கு அப்புறம் ஒரு பிரஷர் ப்ரோப், ஒரு கிளாம்ப் ப்ரோப், பேர் பெற்ற கம்பெனியாகப் பார்த்து. ஊசி செட் ஏற்கெனவே இருக்கிறது, வேக்கம் போட, கேஸ் விட அதே போதும், ஆனால் ஆர்-32-க்குத் தாங்குகிற ஹோஸாக மாற்றிக்கொள். திரை வைத்த மேனிஃபோல்டு இப்போதைக்கு வேண்டாம். பல்க் கூலர், டக்டபிள் வேலை மாதம் நாலைந்து வர ஆரம்பித்தால் அப்போது வாங்கு. அதுவரைக்கும் தேவைப்பட்டால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போ, விழாமல் பார்த்துக்கொள்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் ப்ரோப்பை உன் போனோடு சேர்த்துப் பார், சில பழைய போன்களில் ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆர்-32 என்ற பேர் அதில் இருக்கிறதா, ஆர்-290 இருக்கிறதா, ஆர்-600ஏ இருக்கிறதா பார். அப்புறம் ஆர்-32 மெஷின் போர்ட் பெரும்பாலும் 5/16 அளவு, ப்ரோப்பில் வருவது பெரும்பாலும் கால் இஞ்ச். நடுவில் மாட்டுகிற அடாப்டர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றை வண்டி டேங்க் கவரிலேயே போட்டு வை.